ஆடிக்கு அழைக்க வந்த ஆறுகள்

ஆடி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, நிலைப்படியில் வேப்பிலை செருகி, கொல்லைத் தொட்டிகளில் ஏர் பம்ப்புகள் எல்லாம் வழக்கம்போலக் கொப்பளித்துக்கொண்டிருந்த காலை வேளையில், ஆலந்தாங்கல் மீன்தொட்டித் தெருவுக்குள் ஓர் ஆறு வந்தது. பெரிய ஆறு இல்லை. ஒரு புடவையைப் பிரித்து நீளவாக்கில் விரித்துப் போட்டால் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான். கணுக்கால் நனைகிற ஆழம். ஆனால் நல்ல குளிர்ச்சி, ஏலக்காயும் ஊறிய இலையும் கலந்த ஒரு வாசனை, அடியில் கூழாங்கற்கள் உருளுகிற சத்தம். பைபாஸ் பக்கமிருந்து மேட்டைப் பார்த்து ஏறி, பிள்ளையார் கோயில் திருப்பத்தில் ஒதுங்கி, நிறுத்தியிருந்த பைக்குகளுக்கு இடம்விட்டு, கதவு கதவாக முகர்ந்துகொண்டே வந்து மரகதவல்லியின் வீட்டு வாசலில் நின்றது. கோலத்தை அழிக்கவில்லை, சுற்றி வளைந்து நின்றது. அதிலிருந்தே நல்ல இடத்து ஆறு என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னையில் பல் டாக்டர் வீட்டு முன்னறையிலும் நகைக்கடை மாடிப்படி ஓரத்திலும் கண்ணாடித் தொட்டிக்குள் வாலை ஆட்டிக்கொண்டிருக்கும் மீன்கள் கடலிலிருந்து வருகின்றன, சிங்கப்பூரிலிருந்து வருகின்றன என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அவை எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து, குளியலறைக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் நடுவே கட்டிவிட்ட சிமெண்டுத் தொட்டியிலிருந்து வருகின்றன. கப்பி, மோலி, தங்க மீன், ஏஞ்சல், சண்டை மீன் எல்லாமே எங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் எல்லா மீனும் தொட்டியில் முட்டை போடுவதில்லை. சில மீன்களைக் காட்டு ஓடைகளில் வலை வைத்துப் பிடித்து, பாலிதீன் பையில் ஆக்சிஜன் அடைத்து, ரயிலிலும் விமானத்திலும் ஏற்றி அனுப்புவார்கள். வழியில் செத்தது போக மிச்சம் எங்களிடம் வரும். இரண்டு நாள் மூலையில் ஒடுங்கிக் கிடந்துவிட்டு அப்புறம் தீனி எடுக்கும். அதைக் கடையில் விரலை நீட்டிக் காட்டி வாங்குகிறவர், இதற்கு அம்மா வீடு எது என்று கேட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

மரகதவல்லியிடம் அப்படிப்பட்ட மீன் ஒரு கூட்டம் இருந்தது. வெள்ளி உடம்பில் கண்ணிலிருந்து சிவப்புக் கோடு ஓடும் மலைக்கெண்டை. கடைக்காரர்கள் வைத்த பெயர் மிஸ் கேரளா. அன்று காலை துடைப்பமும் கையுமாக அவள் உள்ளே போய்ப் பார்த்தபோது, அத்தனை மீனும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றன. அவள் கொஞ்ச நேரம் மீனைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தாள். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்.

"அடியே, உங்க அம்மா வூட்லேந்து ஆளு வந்துக்கீது. ஆடிக்குக் கூட்டிம் போவ வந்துக்கீது."

அவ்வளவுதான். அதற்கு மேல் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஆடி மாதம் அம்மா வீட்டு ஆட்கள் வந்து பெண்ணை அழைத்துப்போவது ஊர் உலகத்தில் நடக்கிறதுதானே. ஆறு வந்தது அதிசயமில்லை, இத்தனை வருஷம் வராமல் இருந்ததுதான் அதிசயம் என்று எதிர்வீட்டு ஏஞ்சல் பக்கிரி சொன்னார். ஏஞ்சல் மீன் வளர்ப்பதால் அவருக்கு அந்தப் பெயர். ஆளைப் பார்த்தால் வேறு ஏதாவது பெயர்தான் வைக்கத் தோன்றும். மரகதவல்லியின் வீட்டுக்காரர் தணிகாசலம் மட்டும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, தண்ணீரை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "நல்லா தெளிவா கீது. மோட்டாரப் போட்டு நாலு தொட்டி ரொப்பிக்கலாமா?" என்று கேட்டார். மரகதவல்லி பார்த்த பார்வையில் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"அந்த மீன சனிக்கெழம கடைக்காரன் வந்து எடுத்துக்கிறேன்னான். சொல்லிட்டன்" என்று மட்டும் முனகினார்.

"வயித்தப் பாரு. முட்டையோட கீது. தலைப்பிரசவத்துக்குக் கூப்புட வந்து நிக்கறவங்கள வெறுங்கையோட அனுப்புவாங்களா? உனுக்கு ஒரு பொண்ணு இருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவளே வலையால் ஒவ்வொன்றாக அள்ளி, மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, வாசலில் விட்டாள். ஆறு ஒரு தரம் சிலிர்த்தது. சிவப்புக் கோடுகள் எல்லாம் அதற்குள் ஓடி விளையாட, வந்த வழியே திரும்பி, பிள்ளையாரைச் சுற்றிக்கொண்டு பைபாஸ் பக்கம் இறங்கிப் போய்விட்டது. அது நின்ற இடத்தில் கொஞ்சம் கூழாங்கல்லும் பாசி படர்ந்த ஒரு சின்னக் கிளையும் கிடந்தன. மரகதவல்லி அவற்றை எடுத்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். சீர் என்று வந்ததை எங்கே வைப்பதோ அங்கே வைத்தாள்.

அதன்பிறகு வரிசையாக வந்தார்கள், ஒரு நாளைக்கு ஓர் ஆறு, சில நாள் இரண்டு. எங்கள் தெருவும் பழகிக்கொண்டது. காலையில் எழுந்ததும் பைக்குகளை உள்ளே தள்ளிவிட்டு வழி விட்டோம். ஆறு வந்தால் தாண்டக் கூடாது, சுற்றிப் போக வேண்டும் என்று பெண்கள் ஒரு முறை வைத்தார்கள். வருகிற ஆற்றுக்கு ஒரு சொம்பு மோர் ஊற்றி, ஒரு கட்டி வெல்லமும் கரைத்தோம். பட்டாணி அளவே இருக்கும் பஃபர் மீன்களுக்காக வந்த ஓடை அதுபோலவே குட்டியாக, வெட்கப்பட்டுக்கொண்டு, சாக்கடை ஓரமாகவே நடந்து வந்தது. அசாம் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆறு வண்டல் அள்ளிக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டு, பக்கிரி வீட்டுக் கேட்டை இடித்துக்கொண்டு வந்தது. தூரத்து ஆள், வழியெல்லாம் விசாரித்து வந்த களைப்பு என்று நாங்கள் பொறுத்துக்கொண்டோம். டிகாஷன் நிறத்தில் கடல் தாண்டி வந்த ஒரு கறுப்பாறு, தன் சின்னச் சின்னச் சிவப்பு மீன்களைக் கண்ணாடி வழியே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, அழைக்காமலேயே திரும்பிப் போனது. அந்த மீனை வரவழைக்கும் மொத்த வியாபாரியிடம் கேட்டபோது, அந்த ஊர்க்காரர்களுக்கு அந்த மீன்தான் பிழைப்பு, மீன் வேண்டும் என்பதற்காகவே காட்டை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள் என்றார். கட்டிக்கொடுத்த இடத்தில் பெண் நன்றாக இருக்கிறாளா என்று பார்க்க வருகிறவர்களும் உண்டல்லவா, அது அந்த வகை.

போனவற்றில் சில ஆவணி பிறந்ததும் திரும்பி வந்தன என்பதையும், பல வரவில்லை என்பதையும், வராதவற்றைப் பற்றி நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்மா வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று ஒரு பெண் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும். அதிலிருந்து ஓடையில் பிடித்த மீனை எங்கள் தெருவில் வாங்குவதில்லை. தொட்டியில் பிறக்க வைக்கத் தெரிந்ததை மட்டும் விற்கிறோம்.

கப்பிகளுக்கும் மோலிகளுக்கும் மட்டும் யாரும் வரவில்லை. அவற்றின் பாட்டன் பூட்டன் எல்லாம் எங்கள் சிமெண்டுத் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், எந்த ஆற்றுக்கும் அவர்களைத் தெரியாது. ஊரெல்லாம் அம்மா வீடு போகும்போது போக்கிடம் இல்லாமல் கிடக்கிற பிள்ளைகளைப் பார்க்கப் பாவமாக இருந்ததால், பெண்கள் கொசுப்புழுவை ஒரு கரண்டி கூடவே போட்டார்கள்.

இந்த இடத்தில்தான் மரகதவல்லியின் மனசைச் சொல்ல வேண்டும். தன் வீட்டு மீன்களை எல்லாம் மஞ்சள் தண்ணீரில் முக்கி அனுப்பிவைத்தவளுக்கு, ஆடிக்கு அம்மா வீட்டிலிருந்து அழைப்பு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. அந்த அம்மா வீடு ஒன்றும் மலைக்கு அந்தப் பக்கம் இல்லை. எங்கள் தெருமுனையில் நின்றால் ஆலந்தாங்கல் ஏரி தெரியும், ஏரிக்கரையில் நாலைந்து ஓட்டு வீடுகள் தெரியும், அதில் நீலக் கதவு போட்டது அவள் பிறந்த வீடு. அப்பா அம்மா இல்லை; தம்பி தேசிங்கு மட்டும் அங்கே இருந்து ஏரியில் வலை போட்டுக்கொண்டிருந்தான். ஆடியில் அங்கே அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது பம்பைச் சத்தம் இவள் அடுப்படி வரைக்கும் வரும். இவள் அரிவாள்மணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். நடந்து போனால் ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம்தான். ஆனால் அழைக்காத வீட்டுக்கு எப்படிப் போவது?

காரணம் எங்கள் மீன்தான். சக்கர் மீனைப் பார்த்திருப்பீர்கள், தொட்டிக் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும் கறுப்பு மீன். தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று சொல்லித்தான் விற்போம், அதுவும் பொய்யில்லை. விரல் நீளத்தில் வாங்கிப்போவார்கள், அது தின்று தின்று முழங்கை நீளத்துக்கு வளர்ந்து தொட்டியை முட்டும், அழகும் கிடையாது, உடம்பெல்லாம் முள். உடனே பக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதை விற்கவும் முடியாது, குழம்பு வைக்கவும் மனசு வராது, கையால் வளர்த்ததைக் கொல்லவும் முடியாது. நாங்கள் இரக்கமுள்ளவர்கள். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போகிற வழியில், அதன் நெற்றியில் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, "போய்ப் பொழச்சிக்கோ" என்று சொல்லி ஏரியில் விட்டுவிடுவோம். விட்டுவிட்டுத் திரும்பும்போது ஓர் உயிரைக் காப்பாற்றிய நிம்மதியில் மனசு லேசாக இருக்கும், டீ கூட ருசியாக இருக்கும்.

அது பிழைத்துக்கொண்டது. நாங்கள் சொன்னதை அப்படியே கேட்டுப் பிழைத்துக்கொண்டது. ஏரிப் பாசியைத் தின்றது, கெண்டை முட்டையைத் தின்றது, கரையில் வளை வளையாகத் தோண்டி அதில் குஞ்சு பொரித்தது. மழைக்காலத்தில் கரை அங்கங்கே சரிந்தது. விரால் போயிற்று, கெளுத்தி போயிற்று, இறால் போயிற்று. தேசிங்கு வலையை இழுத்தால் கறுப்பாக அதுவே வரும், வலைக் கண்ணில் முள்ளைக் கொடுத்துக் கிழித்துக்கொண்டு வரும். ஒரு நாள் கிழிந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்து, அக்காள் வீட்டு வாசற்படியில் அதை வீசினான். தெருவே வேடிக்கை பார்த்தது.

"இதுங்க உன் வூட்டுப் பொண்ணுங்கதான? பொட்டு வெச்சி அனுப்பிச்சிக்கிறியே! என்னிக்கி நீ வந்து இதுங்களக் கூட்டிம் போறியோ, அன்னிக்கி நான் வந்து உன்னக் கூப்புடறன். அதுவரிக்கும் என் வூட்டு வாசப்படிய மிதிக்காத."

சொன்ன சொல்லில் நின்றான். அவளுக்கும் ரோஷம், நின்றாள். அந்த வலையைத் தைத்து வைத்திருந்தாளே தவிர, கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

இந்த ஆடியில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஏரிப் பக்கம் புழு எடுக்கப் போன ஏஞ்சல் பக்கிரி வந்து சொன்னார்.

"மரகதம், உன் தம்பி ஆடி கடைசி ஞாயித்துக்கெழம கூழ ஊத்திட்டு வூட்டப் பூட்டறானாம். ஒரகடத்துல ஏதோ கம்பெனில வாட்ச்மேன் வேல. ஏரில ஒண்ணியும் இல்ல, இன்னா பண்ணுவான்?"

அவள் அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு காய் நறுக்க உட்கார்ந்தாள். தம்பி அழைக்காவிட்டாலும் நீலக் கதவு திறந்திருக்கிறது, புகை வருகிறது என்று தெருமுனையில் நின்று பார்த்துக்கொள்ளலாம். பூட்டிவிட்டால் அம்மா வீடு என்று ஒன்று இல்லை. அன்றைக்கு அவள் வைத்த சாம்பாரில் உப்பே இல்லை, தணிகாசலம் வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

ஆனால் அவளுக்குள் ஒரு கணக்கு ஓடியது, எங்களுக்கும் அதே கணக்குத்தான். குட்டிப் பஃபருக்கே ஓர் ஓடை வருகிறதென்றால், ஏரி நிறையக் கிடக்கிற சக்கருக்கு ஆறு வராமல் இருக்குமா? அதன் ஆறு உலகத்திலேயே பெரிய ஆறு, இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை தெரியாது என்று மொத்த வியாபாரி சொல்லியிருந்தார். அது வந்து தன் பெண்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டால் ஏரி ஏரியாகிவிடும், தேசிங்கு இருந்துவிடுவான். எனவே அந்தப் பெரிய சம்பந்திக்காக நாங்கள் காத்திருந்தோம். ஆடுகளை மொட்டை மாடியில் ஏற்றிக் கட்டினோம். மணல் மூட்டை அடுக்கினோம். அவ்வளவு பெரிய ஆற்றுக்கு எத்தனை சொம்பு மோர் ஊற்றுவது என்று பெண்கள் கவலைப்பட்டார்கள்.

ஆடிப்பெருக்கன்று அது வந்தது. பெரிய இடத்து ஆட்கள் அலட்டிக்கொள்வதில்லை என்பதை அன்று பார்த்தோம். தெருவுக்குள் நுழைந்தால் நாங்கள் தாங்கமாட்டோம் என்று தெரிந்து, பைபாஸுக்கு அப்பால் வயல்வெளியில் வானம் வரைக்கும் மரங்களும் மேகமுமாக அது நின்றுகொண்டு, ஒரே ஒரு கையை மட்டும் ஏரிக்கு அனுப்பியது. ஊறிய மரமும் மழையும் கலந்த வாசனை ஊரையே மூடியது. நாங்கள் எல்லாரும் கரையில் போய் நின்றோம். தூரத்தில் நீலக் கதவுக்கு முன்னால் தேசிங்கும் நின்றான்.

ஆற்றின் கை ஏரிக்குள் இறங்கி ஒவ்வொரு சக்கராகத் தொட்டுப் பார்த்தது. வளைக்குள் விட்டுப் பார்த்தது. சேற்றைக் கிளறிப் பார்த்தது. ஒரு மீன்கூடத் திரும்பவில்லை, வாலை அசைக்கவில்லை. அன்னிய ஆள் தொட்டால் ஒதுங்குவதுபோல ஒதுங்கிக்கொண்டன. ஆறும் யோசித்தது. நிறம் அதே நிறம், முள் அதே முள், ஆனால் மணம் வேறு. பிறகு அது ஏரியை விட்டு ஏறி, எங்கள் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு தெருவுக்குள் வந்து, மரகதவல்லி வீட்டுக் கொல்லை வரைக்கும் போய், சக்கர் முட்டை போடுவதற்காக அவள் குழாய்த் துண்டுகள் போட்டு வைத்திருந்த மண்குட்டையை ஒரு தரம் தொட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மரகதவல்லியின் பாதத்தில் லேசாகப் பட்டுவிட்டு, மோரைக்கூட எதிர்பார்க்காமல் போய்விட்டது. வயல்வெளியில் வானம் மட்டும் மிச்சம் இருந்தது.

"இன்னாது, அவ்ளோ தூரம் வந்துட்டு வெறுங்கையோட போவுது?" என்றார் பக்கிரி. மணல் மூட்டை தூக்கிய முதுகு அவருக்கு வலித்தது.

மரகதவல்லி குட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை.

"அந்த ஆத்துப் புள்ளைங்க இல்லண்ணா இதுங்க. அது கண்ணாலகூடப் பாத்ததில்ல. இந்தக் குட்டையில பொறந்ததுங்க. இதுங்களுக்கு அம்மா வூடுன்னா அது நம்ம தெருதான்" என்றாள். குட்டையிலிருந்து தலையை நிமிர்த்தி, "என் தம்பி அன்னிக்கே சொன்னான். நாமதான் போயிக் கூப்புடணும்" என்றாள்.

சொல்லிவிட்டால் ஆயிற்றா? பெரிய வாக்குவாதம் நடந்தது. கூட்டிவந்தால் எங்கே வைப்பது, யார் தீனி போடுவது, ஏஞ்சல் தொட்டியைக் காலி பண்ணிக்கொண்டு இந்த முள்ளுக்கு இடம் விடுவதா என்று பக்கிரி குதித்தார். மரகதவல்லி ஒன்றே ஒன்று கேட்டாள்: "உன் கையாலதான குங்குமம் வெச்ச?" பக்கிரி உட்கார்ந்துவிட்டார். பொட்டு வைத்து அனுப்பியவர்கள் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் இருந்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். தட்டுத் தட்டாக மஞ்சள், பூ, கண்ணாடி வளையல், அதோடு சக்கருக்கு உயிரான சுரைக்காயும் வெள்ளரியும் வில்லை வில்லையாக நறுக்கியது. ஒவ்வொரு வீட்டிலும் தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கிவிட்டார்கள். தொட்டித் தண்ணீரும் குட்டைத் தண்ணீரும் தெருவுக்கு வந்தன, வந்து அப்படியே நின்றன. பாவம், பிறந்ததிலிருந்து நாலு சுவருக்குள் நின்றே பழகிய தண்ணீர், நடக்கத் தெரியவில்லை. இந்த வாசலுக்கு ஒரு வாய்க்கால், அந்த வாசலுக்கு ஒரு குட்டை என்று தடுமாறி, பிள்ளையார் கோயில் படியில் முட்டிக்கொண்டு திகைத்தது. மரகதவல்லி தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அதற்கு முன்னால் போய் நின்று, நடை பழகும் குழந்தையைக் கூப்பிடுவதுபோல, "வா, வா, இப்பிடி வா" என்று பின்னோக்கி நடந்தாள். தண்ணீர் ஓர் அடி வந்தது. இன்னோர் அடி வந்தது. பிறகு அதற்கே தெம்பு வந்து, எங்கள் காலை நனைத்துக்கொண்டு, பச்சைப் பாசியும் கப்பிக் குஞ்சும் தீனி வாசனையுமாக, ஒரு புடவை அகலத்தில் ஓடத் தொடங்கியது. எங்கள் தெருவுக்கும் ஓர் ஆறு உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஏஞ்சல் பக்கிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

ஏரிக்கரையில் மரகதவல்லி வாய்விட்டு அழைத்தாள். "வாங்கடி, ஆடிக்கு வாங்க. தெரியாம அனுப்பிட்டம். எந்திரிச்சி வாங்க." எங்கள் தண்ணீர் ஏரிக்குள் இறங்கிய இடத்தில் முதலில் ஒரு குமிழி வந்தது. பிறகு ஒரு கறுப்பு மூக்கு. பிறகு சேறு முழுக்க அசைந்தது. வளைகளிலிருந்தும் கோரைப் புல்லிலிருந்தும் மதகுக் கல்லிலிருந்தும் சக்கர்கள் புறப்பட்டன. வாயைத் தரையில் ஒட்டி ஒட்டி எடுத்துக்கொண்டு, முள்ளைச் சாய்த்துக்கொண்டு, நாங்கள் போட்ட சுரைக்காயைக் கடித்துக்கொண்டு, மேட்டைப் பார்த்து எங்கள் ஆற்றோடு ஏறி வந்தன. ஷேர் ஆட்டோக்கள் நின்றன. "கல்யாணமாக்கா?" என்று கேட்ட டிரைவரிடம், "பொண்ணுங்க அம்மா வூட்டுக்கு வருது" என்றதும் அவர் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டு எஞ்சினையும் அணைத்தார். மத்தியானம் வரைக்கும் வந்துகொண்டே இருந்தன. அவரவர் தொட்டி அவரவருக்கு மறக்கவில்லை. தப்பான வீட்டுக்குள் ஒன்றுகூட நுழையவில்லை. தேசிங்கு தன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தான். கிட்டே வரவில்லை.

கூட்டிவந்த பிறகு எங்கள் பாடு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கப்பிகள் நெருக்கியடித்துக்கொண்டன. தொட்டி போதாமல் பிளாஸ்டிக் டிரம், பழைய குளியல் தொட்டி, பக்கிரியின் கல்யாண அண்டா எல்லாம் இறங்கின. இனி பெருகக் கூடாது என்று ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்தோம். பக்கிரியின் கண்பார்வைக்கு அவர் பிரித்த அண்டாவில் மட்டும் குஞ்சு பொரித்தது. மண்குட்டையை மரகதவல்லி தூர்த்து அதன்மேல் சுரைக்கொடி போட்டாள். பெருத்துப்போனால் எங்களிடமே திருப்பிக் கொண்டுவாருங்கள், ஏரியில் விடாதீர்கள் என்று ஒவ்வொரு கடையிலும் சொல்லிச் சொல்லித்தான் இப்போது மீன் விற்கிறோம். தெருவே சுரைக்காய் நறுக்குகிறது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், சாயங்காலம் அந்தக் கறுப்பு முகங்கள் எல்லாம் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நம்மைப் பார்க்கும்போது வீடு நிறைந்தாற்போலத்தான் இருக்கிறது.

இவ்வளவும் நடந்தும் தேசிங்கு வரவில்லை. மரகதவல்லி தைத்த வலையை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். சனிக்கிழமை ஏரிக்கரையில் பந்தல் போடுகிற சத்தம் கேட்டது. "வருவான்" என்றார் தணிகாசலம். "நான் கேக்கல" என்றாள்.

ஆடி கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை, பம்பை தொடங்குவதற்கு முன்னால், அவள் கோலத்தை முடித்து நிமிர்ந்தபோது எதிரே தேசிங்கு நின்றான். கையில் ஈரத்துண்டில் சுற்றி ஏதோ வைத்திருந்தான். பிரித்தால் ஒரு சக்கர்.

"மதகுல மாட்டிக்கினு இருந்திச்சி" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "இதான் கடைசி. இதையும் உள்ள சேத்துக்கோ."

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். முள் குத்தியது. விடவில்லை.

"கோரையாண்ட குஞ்சிங்க தெரியுது. கெண்டைதான்னு நெனக்கிறன்" என்றான். "கம்பெனிக்காரன் கிட்ட வரலன்னுட்டன்." அப்புறம்தான் நிமிர்ந்து அக்காளைப் பார்த்தான். "கூழ் ஊத்தறம்க்கா. இந்த வருசம் கருவாடுதான். அடுத்த ஆடிக்கு நம்ம ஏரிக் கெண்டையே போடலாம். வந்துடு."

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தவள், கீழே பார்த்தாள். தேசிங்குக்குப் பின்னால் தெரு நெடுக, ஒரு புடவை அகலத்தில், அல்லி இலை ஒன்று மிதக்க, கோரை வாசனையோடு தண்ணீர் வந்து நின்றுகொண்டிருந்தது. ஆலந்தாங்கல் ஏரி. அவள் நீந்தப் பழகிய ஏரி, அவள் அம்மா துணி அலசிய ஏரி. கோலத்தை அழிக்காமல் சுற்றி வளைந்து வந்து, அவள் காலை நனைத்தது.

"எம்மா நேரமா நிக்குது, உள்ள வான்னு ஒரு வார்த்த சொன்னியா நீ?" என்று தம்பியைத் திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். ஏரிக்கு ஒரு சொம்பு மோர் ஊற்றினாள், தம்பிக்கு ஒரு சொம்பு கொடுத்தாள், சக்கரைத் தொட்டியில் விட்டாள், தைத்து வைத்த வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு எங்கள் தெருவில் அந்த வீட்டுத் தொட்டிகளுக்கு எல்லாம் தணிகாசலம்தான் தீனி போட்டார், சுரைக்காயைக்கூடக் கோணல்மாணலாக நறுக்கிப் போட்டார். மரகதவல்லி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.